சம்பத் பெயர் போட்ட பதினொரு விட்ஜெட்டுகள்

அன்று காலை எழுந்ததும், பல் துலக்கும் முன்பே, மடிக்கணினியைத் திறந்து எங்கள் நிரல் நூலகத்தின் தினசரிச் சோதனைப் பட்டியலைப் பார்த்தேன். பல வருடப் பழக்கம். எல்லா வரிகளும் பச்சை, ஒன்று மட்டும் சோதனையில் தவறிச் சிவப்பு. "சம்பத், உங்க டயல் சிவப்பு. என்னத்த நோண்டினீங்க?" என்று செய்தி அனுப்பிவிட்டுக் காபி போடப் போனேன். பால் பொங்குவதற்குள் அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவர் மனைவி செல்வி.

"மேடம், அவரு போயிட்டாரு. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோ வர்றதுக்குள்ள..."

அடுப்பை அணைத்தேனா என்று கூட நினைவில்லை.

நம் குழுவில் சம்பத்தை அறியாதவர் இல்லை. ஆனால் ஈஜிபுராவில் அவர் வீட்டுக்குக் காரியத்துக்கு வந்திருந்த உறவினர்கள், "லீவு நாள்லகூட கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என்னதாம்மா பண்ணாரு?" என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். திரையில் நாம் அமுக்கும் பொத்தான், இழுக்கும் பட்டை, முள் சுழலும் டயல் போன்றவற்றை விட்ஜெட் என்போம். அவற்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கும் நூலகம் எங்களுடையது. புதிய விட்ஜெட்டை முதலில் 'நிலையற்றது' என்ற பிரிவில் வைப்போம். அதைப் பயன்படுத்தும் முறை எந்த வெளியீட்டிலும் மாறலாம் என்பது அதன் பொருள். பக்குவம் வந்ததும் 'நிலையானது' என்று அறிவிப்போம். அதற்குப் பிறகு கை வைக்க மாட்டோம் என்று உலகத்துக்கே வாக்குக் கொடுத்த மாதிரி.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு சண்டையில்தான். வைட்ஃபீல்டில் எங்கள் குழுவின் ஒரு சனிக்கிழமைக் கூட்டம். பொம்மசந்திராவில் அடுப்பு இயந்திரங்கள் ஓடும் தொழிற்சாலையின் சீருடையிலேயே, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"டயலை மாத்துனது யாரு?"

"நான்தான்" என்றேன். மற்ற விட்ஜெட்டுகளோடு ஒத்துப்போகட்டும் என்று, டயலுக்குத் தரும் குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டின் வரிசையை மாற்றியிருந்தேன். இரண்டும் எண்கள் என்பதால் பழைய நிரல்கள் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடின. முள் மட்டும் தலைகீழாகச் சுற்றியது. எங்கள் டயலைச் சேர்த்திருந்த அவர்கள் தொழிற்சாலைத் திரை, சூடாகிக்கொண்டிருந்த அடுப்பு ஆறுவதாகக் காட்டியதால், ஆபரேட்டர் இன்னும் சூட்டைக் கூட்டியிருக்கிறார். ஒரு நடை சரக்கு முழுக்கக் கருகிவிட்டது.

"அது நிலையற்ற பிரிவு சார். மாறும்னு எழுதியிருக்கோமே."

"எழுதியிருக்கீங்க, நானும் படிச்சேன். எங்க ஆபரேட்டர் படிக்கலையே மேடம். அவருக்குத் தெரிஞ்சது முள்ளு ஒண்ணுதான்." பிறகு அவரே குரலைத் தணித்துச் சொன்னார்: "மாத்துங்க, வேணாங்கல. ஆனா குணத்தை மாத்தினா பேரையும் மாத்துங்க. பேரு மாறுனா எங்க நிரல் ஓடாது, உடனே தெரிஞ்சிடும். பேரை அப்படியே வச்சிட்டு உள்ள மாத்தினா, முள்ளு பொய் சொல்லுது."

என் வேலையில் நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அதுதான். அதைச் சொன்னவர் கல்லூரியில் கணினி படித்தவரில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அடுத்த மாதமே டயலை அவரிடம் ஒப்படைத்தோம்.

நிலையற்ற விட்ஜெட்டுகளுக்கு நீளமான, கோணலான பெயர் வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். நான் அழகான சின்னப் பெயராக ஒன்றை அனுப்பினால், "வேணாம்" என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்புவார். போனில் கேட்டால் சிரிப்பார். "பேரு அசிங்கமா இருக்கணும் மேடம். டைப் அடிக்கும்போதே கை கூசணும். அப்பதான் இது இன்னும் வேகலைன்னு ஞாபகம் இருக்கும்."

"நீங்க வைக்கிற பேரை வாய்விட்டுப் படிச்சா பல்லே விழுந்துடும்."

"விழட்டும். நிலையானதுக்கு அப்புறம் தங்கப் பல்லு கட்டிக்கலாம்."

எங்களிடையே பெரிய மனவருத்தம் ஒருமுறை வந்தது. ஒரு விட்ஜெட்டை நிலையானதாக அறிவிக்க இரண்டு பேர் பெயர் போட வேண்டும் என்பது எங்கள் விதி. எழுதியவர் ஒருவர். அவர் விலகிப் போனாலும் அதற்காகப் பதில் சொல்லப்போகிறவர் இன்னொருவர். நான் எழுதினேனே தவிர, மற்றவர் எழுதியதற்கு ஒருமுறைகூட இரண்டாவது பெயர் போட்டதில்லை. வேலை, பிள்ளைகள், நேரமில்லை என்று காரணங்கள் தயாராக இருந்தன. என் சொந்த விட்ஜெட்டுகளையும் வருடக்கணக்கில் நிலையற்ற பிரிவிலேயே விட்டு வைத்தேன். ஒருநாள் அவர் பொறுமை இழந்தார்.

"அன்ஸ்டேபிள்னு போர்டு மாட்டிட்டு உள்ள உக்காந்திருக்கீங்க. அதுக்குப் பேரு எச்சரிக்கை இல்ல மேடம், லீவு லெட்டர்."

இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதால்தான் அத்தனை கோபம் வந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். சுதந்திரமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வாக்குக் கொடுப்பதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவே இல்லை. மூன்றாம் வாரம் தானாகக் கூப்பிட்டு, "பேஜாரு போயிடுச்சா, கோவம் ஆறிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் இரண்டாவது பெயர் போட்ட விட்ஜெட்டுகள் பதினொன்று. அவற்றை முதலில் எழுதியவர்கள் எல்லோரும் வேறு வேலை, வேறு ஊர் என்று போய்விட்டார்கள். பதில் சொல்ல மிச்சம் இருந்தவர் சம்பத் ஒருவர்தான். காரியம் முடிந்த மறுநாள் குழுவில் ஒரு கடிதம் வந்தது. பொறுப்பாளர் இல்லாததால் அந்தப் பதினொன்றையும் மறுபடி நிலையற்ற பிரிவுக்குத் தள்ளிவிடலாம், சனிக்கிழமை முடிவெடுப்போம் என்றது. நம் விதிப்படி அதில் தவறில்லை. கடிதம் எழுதியவரும் வருத்தத்தோடுதான் எழுதியிருந்தார். ஆனால் தள்ளினால் பெயர்கள் மாறும். அவற்றை நம்பி ஓடும் எத்தனையோ பட்டறைத் திரைகளை யாரோ உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டியிருக்கும். கை வைக்க மாட்டோம் என்று அவர் சொன்ன சொல், அவர் இறந்த மாதமே காலாவதியாகிவிடும்.

நேற்று ஈஜிபுராவுக்குப் போயிருந்தேன். அவருடைய மடிக்கணினி மேசையில் திறந்தே இருந்தது. செல்வி காபி கொடுத்துவிட்டு அதைக் காட்டினார்.

"யார் யாரோ கேள்வி கேட்டு எழுதிட்டே இருக்காங்க மேடம். எந்த ஊர்க்காரங்களோ, அவரு இல்லைன்னு அவங்களுக்குத் தெரியாது. நான் என்ன சொல்லட்டும்? மூடி வச்சிடவா?"

"மூடாதீங்க, நான் பார்க்கிறேன்" என்றேன். யோசித்துச் சொன்ன சொல் அல்ல. அங்கேயே உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். மூன்றும் நான் எழுதாத நிரல்களைப் பற்றியவை. ஒவ்வொன்றையும் திறந்து படித்துப் புரிந்துகொள்ள நேரம் பிடித்தது, ஆனால் முடிந்தது. நான் பயந்த அளவுக்கு அது கனமாக இல்லை.

சம்பத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை சில வசவுகள், ஒரு சிரிப்பு, குணம் மாறினால் பெயரையும் மாற்று என்ற கண்டிப்பு. இவற்றோடு அந்தப் பதினொன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை கூட்டம் தொடங்குவதற்கு முன்பே, அவர் பெயர் இருக்கும் ஒவ்வொரு வரியிலும் அதை அழிக்காமல் பக்கத்தில் என் பெயரை எழுதிவிடுவேன். இதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்; இதுவரை செல்வியிடமும் சொல்லவில்லை, குழுவிலும் சொல்லவில்லை, வீட்டில் யாருக்கும் தெரியாது.