விபத்துப் புத்தகத்தில் எழுதியது

எண்பதுகளின் பின்பகுதியில் லண்டனின் பழைய சிறைகளில் ஒன்றில் நான் அதிகாரியாக இருந்தேன். மனோர் பார்க்கில் வீடு. சிறை என்றால் சனம் ஒரு மாதிரிப் பார்க்கும் என்பதால், ஊர்க்காரரிடம் "கவுண்மேந்து உத்தியோகம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மனைவிக்குச் சிறை என்று தெரியும், அதற்கு மேல் அவளுக்கும் அதிகம் சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் சிறை அறைகளுக்குள் கழிப்பறை கிடையாது. கைதிகளுக்கு ஆளுக்கொரு வாளி. காலையில் கதவுகளைத் திறந்ததும் மூன்று மாடிகளிலிருந்தும் எல்லோரும் ஒன்றாக வாளியைத் தூக்கிக்கொண்டு ஊற்ற வருவார்கள். தரை நனையும், இரும்புப் படிகள் நனையும். அந்த ஈரத்தில்தான் நாங்கள் ஏறி இறங்கி ஒழுங்குபடுத்த வேண்டும். அது முடிந்து அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் குடித்த தேநீரை நினைத்தால் இன்றைக்கும் வாயூறுகிறது. கடும் சாயம், நிறையச் சீனி, கூடவே பாதி கேலியும் பாதி முறைப்பாடுமாகப் பேச்சு. அப்படி ஒரு தேநீரை நான் அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

ஒரு குளிர்காலக் காலையில் மேல்மாடியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. பின்னால் வந்த வயதான கைதி ஒருவர் வாளியைக் கீழே போட்டுவிட்டு என் இடுப்புப் பட்டியைப் பிடித்தார். அவர் பிடித்திராவிட்டால் கடைசிப் படிவரை உருண்டிருப்பேன். இடது மணிக்கட்டு முறிந்ததோடு தப்பினேன்.

மாவுக்கட்டோடு போய், வேலையில் நடக்கும் விபத்துகளைப் பதியும் சிறையின் விபத்துப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "என் கவனக்குறைவால் வழுக்கி விழுந்தேன்." விழுந்தவனை முதலில் ஏசிவிட்டுப் பிறகு தூக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். அதைவிட வேறு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து வாசல் மணி அடித்தது. மனைவி ஓடி வந்து, "இஞ்சை பாருங்கோ, ஜெயிலிலை இருந்து ஆரோ பெரிய உருவம் ஒண்டு வந்து நிக்குது" என்றாள்.

எங்கள் யூனியனின் பாதுகாப்புப் பிரதிநிதி. வேல்ஸ்காரர், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த குடும்பம். இளமையில் தானும் சில வருடம் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அவரும் சிறையில் மற்றவர்களும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அது என் நினைவுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது.

மனைவி கொடுத்த உளுந்து வடையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, என் வரியின் பிரதியை மறு கையால் நீட்டினார்.

"உம்மடை கவனக்குறைவு எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் எழுதினனான்."

"எந்தப் படி?"

"மேலையிருந்து மூண்டாவது."

"அது எப்பிடி இருக்கும்?"

யோசித்தேன். "விளிம்பு தேஞ்சு போச்சு. கண்ணாடி மாதிரி."

"காலிலை போட்ட சப்பாத்து?"

"அவையள் தந்ததுதான். அடி தோல்."

"படி ஏன் நனைஞ்சு கிடந்தது?"

வாளிகளைப் பற்றிச் சொன்னேன். வாசல்படியில் நின்ற மனைவி அதை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டாள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "ஆர் பார்த்தது?" என்றார்.

தயங்கினேன். "ஒரு கைதி."

"அவருக்கும் கண் இருக்குதுதானே? சாட்சியாப் போடும்."

அவர் போன பிறகு மனைவி கதவடியில் இருந்த என் சப்பாத்தைத் திருப்பி அடியைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு நாளும் இதோடையோ அதுக்குள்ளை நடக்கிறனீங்கள்?"

"ஓம்."

அவள் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்தாள்.

கை சரியாகி வேலைக்குத் திரும்பியதும் அந்த வயதான கைதியைத் தேடிப் போனேன். நன்றி சொல்லிவிட்டு, சாட்சி சொல்வாரா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "போன வருசம் அதே படியிலை நானும் விழுந்தனான். இன்னும் ரெண்டு பேரும் விழுந்தவை. எங்களை எந்தப் புத்தகத்திலை எழுதினவை?"

எனக்கு முகம் சுட்டது. அப்படியொரு கேள்வி என் மனதில் எழுந்ததேயில்லை.

நிர்வாகத்தோடு கூட்டம் நடந்தபோது வேல்ஸ்காரர் என்னையும் கூட்டிப்போனார். சிறையின் துணைக் கவர்னர், கட்டடம் நூறு வருடத்துக்கு மேல் பழையது, எல்லாவற்றையும் மாற்ற ஏலாது என்றார். வேல்ஸ்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். படி, சப்பாத்து, ஈரம் என்று சொல்லி முடித்து, "கைதிகள் விழுந்தாலும் எழுத வேணும்" என்றேன்.

எங்கள் யூனியன்காரர் ஒருவரே திரும்பி, "நீர் எங்கடை பக்கமோ, அவங்கடை பக்கமோ?" என்று கேட்டார்.

"அவங்கள் மேலையிருந்து விழுந்தால் வாளி கீழை நிக்கிற எங்கடை தலையிலைதான் வரும்" என்றேன்.

பகிடிக்காகச் சொல்லவில்லை. ஆனால் அறை முழுக்கச் சிரித்தது, துணைக் கவர்னரும்தான். கேட்டவரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

சில கிழமைகளுக்குள் படி விளிம்புகளில் சொரசொரப்பான பட்டி ஒட்டினார்கள். மாடி மாடியாகக் கதவு திறக்கும் ஒழுங்கு வந்தது. கைதிகள் விழுவதும் பதிவாகத் தொடங்கியது. றப்பர் அடிச் சப்பாத்துக்கு மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வாளிகள் ஒழிய, அறைக்குள் கழிப்பறை வர, தொண்ணூறுகள் பிறக்க வேண்டியிருந்தது.

அதற்குள் நானும் பாதுகாப்புப் பிரதிநிதியாகியிருந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் நானும் வேல்ஸ்காரரும் கட்டடம் முழுக்க நடப்போம். அவர் கைப்பிடிகளை உலுக்குவார், அபாய மணிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பார், நான் கொப்பியில் குறிப்பேன். சுரங்கத்தில் கூரையைத் தட்டிச் சத்தத்தைக் கேட்டு எப்படி ஆபத்தை அறிவார்கள் என்று நடந்துகொண்டே சொல்வார். அந்த இரும்பும் பினாயிலும் மணக்கும் இடத்தில் என் வாழ்வின் நல்ல மத்தியானங்கள் கழிந்தன என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஓய்வு பெற்று அவர் வேல்ஸுக்குப் போனார். நத்தாருக்குக் கிறிஸ்துமஸ் அட்டை வரும். ஒன்றில், ஊர் நூலகத்துப் படியின் கைப்பிடி ஆடுகிறது, மூன்று கடிதம் போட்டுவிட்டேன், நான்காவதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.