உள்ளங்கையில் விட்டதும் சாப்பாடுதான்

லோகேஸ்வரியை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். வாய் நீளம் என்று சொல்லலாம், பிடிவாதக்காரி என்று சொல்லலாம், அவள் கணவர் பக்கிரிசாமி முப்பது வருஷமாகக் கூப்பிடுவதுபோல் 'மிளகாய்' என்றும் கூப்பிடலாம். சிரித்துவிட்டுப் போய்விடுவாள். பொய்க்காரி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

பத்தொன்பது வயதில் ஷா ஆலாம் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, மேற்பார்வையாளர் ஒருவர் அவள் வேலைக்கு வந்த நாளை வராத நாள் என்று பதிந்துவிட்டு, கேட்கப் போனவளிடம் "பொய் சொல்லாதே" என்றார். அவள் நேரே வாசலுக்குப் போனாள். காவலாளியைக் கையோடு கூட்டி வந்து எல்லார் முன்னாலும் சாட்சி சொல்ல வைத்தாள். பதிவு திருத்தப்படும்வரை இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. மற்ற பெண்கள் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்படிப்பட்டவளைத்தான் ஐம்பத்து மூன்றாவது வயதில், கிள்ளானில் ஒரு கிளினிக்கில், மகள் வயதுள்ள ஒரு பெண் அதே வார்த்தையைச் சுற்றி வளைத்துச் சொன்னாள்.

லோகேஸ்வரிக்கு ஆறு வருஷமாக இனிப்புநீர் நோய். மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. ஆனாலும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. டாக்டர் அவளைச் சாப்பாட்டு ஆலோசகர் ஜெயமாலாவிடம் அனுப்பினார். ஜெயமாலா ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். மணி என்ன, சாப்பிட்டது என்ன, எவ்வளவு, எங்கே உட்கார்ந்து, எவ்வளவு பசி என்று கட்டம் கட்டமாகப் பிரித்த புத்தகம்.

"ரெண்டு வாரம் எழுதுங்க ஆன்டி. எழுத ஆரம்பிச்சா தானா யோசிச்சுச் சாப்பிடுவீங்க" என்றாள்.

எழுதினாள். காலையில் கோப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத கோப்பி, இரண்டு பிஸ்கட். மாலை நாலு மணிக்கு ஒரு தட்டு சோறு. இரவு இரண்டு சப்பாத்தி. பதினாலு நாளும் இதுதான். பக்கிரிசாமி எடுத்துப் படித்துப் பார்த்து, "இதச் சாப்பிட்டு ஒரு கோழிக்குஞ்சு கூட உயிரோட இருக்காதே லா" என்றார். அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

ஜெயமாலா பக்கங்களைப் புரட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இவ்ளோதான் சாப்பிட்டா சுகர் இப்படி இருக்காது ஆன்டி. ரத்தம் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

ஜெயமாலா அவளுடைய மருத்துவக் கோப்பைத் திறந்து எதையோ எழுதினாள்.

"என்னம்மா எழுதுறீங்க?"

"சாப்பிடுறதக் குறைச்சுச் சொல்றாங்கன்னு. நெறைய பேருக்கு எழுதுறதுதான் ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"நெறைய பேருக்கு எழுதுங்க. எனக்கு எழுதாதீங்க."

ஆனால் எழுதியாகிவிட்டது. அரசாங்கக் கோப்பில், அவள் பெயருக்குக் கீழே, நீல மையில். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லோகேஸ்வரிக்குக் காது சூடாக இருந்தது. ராத்திரி சப்பாத்தியைத் தொடவில்லை. அதையும் எழுதினாள்.

மறுநாள் விடிகாலைக் கோமுட்டர் ரயிலில் உட்கார்ந்தபோது முடிவு செய்துவிட்டாள். உதட்டைத் தாண்டி உள்ளே போகும் எதையும் விடப்போவதில்லை. தண்ணீர் குடித்தால் தண்ணீர். எழுதி எழுதி அந்தப் பெண்ணின் மேஜையில் கொண்டுபோய்ப் போட்டு, அந்த நீல மை வரியை அவள் கையாலேயே வெட்ட வைக்க வேண்டும். கிளினிக் புத்தகம் பெரிதாக இருந்ததால், ஏப்ரன் பைக்குள் அடங்கும் 555 நோட்டு ஒன்று வாங்கி, அதே கட்டங்களைப் போட்டு, பேனாவை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அவள் வேலை பார்ப்பது பிரிக்பீல்ட்ஸில், வேலாயுதத்தின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில். பத்தொன்பது வருஷமாக அங்கே அவள்தான் தலைமைச் சமையல். மதியம் கடை வாசலில் நிற்கும் கூட்டம் போர்டைப் பார்த்து வந்ததில்லை, அவள் கையைப் பார்த்து வந்தது. இது வேலாயுதத்துக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லும் பழக்கம்தான் அவருக்கு இல்லை.

அடுப்படியில் ருசி பார்க்கக் கரண்டியை வாயில் வைக்க மாட்டாள். எச்சில் படக் கூடாது. கரண்டியால் ஒரு சொட்டு அள்ளி உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவுவாள். அவள் அம்மா அப்படி, அக்கா அப்படி, ஊரில் கல்யாணச் சமையல் செய்யும் எல்லாரும் அப்படி. அது வேலை. வேலையை யாராவது சாப்பாடு என்று எழுதுவார்களா?

ஆனால் உதட்டைத் தாண்டுவது எல்லாம் என்று சத்தியம் செய்தாயிற்றே. எழுதினாள். ஏழு மணி, சாம்பார், உள்ளங்கை. ஏழு ஐந்து, மறுபடி சாம்பார், உப்பு போட்ட பிறகு. ஏழு இருபது, பருப்பு. எட்டு மணி, கோழிக் குழம்பு, இரண்டு தடவை, கூடவே வெந்துவிட்டதா என்று ஒரு துண்டு உருளைக்கிழங்கு. ஒன்பது மணி, உடைந்த வடை. உடைந்ததை இலையில் வைக்க முடியாது, எறியவும் மனசு வராது. பத்து மணி, சவ்வரிசிப் பாயசம். பத்து ஐந்து, பாயசம். பத்து பன்னிரண்டு, பாயசம். இனிப்பு சரியாக இருக்கிறதா என்று மூன்றாவது தடவை பார்ப்பதற்குப் பெயர் ருசி பார்ப்பது இல்லை. அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்துகொண்டே நாலாவது தடவையும் பார்த்தாள், அதையும் எழுதினாள்.

நாலு மணிக்கு எண்ணிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வரி. அதற்குப் பிறகுதான் அவளுடைய ஒரு தட்டுச் சோறு.

ஆத்திரமாக வந்தது அவளுக்கு. ஜெயமாலா மேல் இல்லை, தன் மேல்தான். அந்தப் பெண் சொன்னது சரி. ரத்தம் பொய் சொல்லவில்லை. நோட்டை அப்படியே குப்பையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் போட்டால், கோப்பில் எழுதியிருப்பது நிஜமாகிவிடும். லோகேஸ்வரி நோட்டை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பாயசத்தை ருசி பார்க்கும் வேலை ரெங்கசாமிக்குப் போனது. ரெங்கசாமி அந்தக் கடையில் இலை போட்டுப் பரிமாறுகிறவர், அவளைவிட மூத்தவர், உடம்பில் ஒரு பொட்டுச் சர்க்கரை கிடையாது. "இந்த வேலைய மொதல்லயே குடுத்திருக்கலாமே" என்று சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். குழம்புகளை ஒரே ஒரு தடவை பார்ப்பது என்று அவள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். வரிகள் குறைந்தன.

ஒரு கட்டம் மட்டும் மாறவே இல்லை. எங்கே உட்கார்ந்து? உட்காரவில்லை. எங்கே உட்கார்ந்து? உட்காரவில்லை. சமையலறையில் இருந்த ஒரே நாற்காலியில் வெங்காய மூட்டை உட்கார்ந்திருந்தது. கடையில் வேலை செய்பவர்கள் கூட்டமெல்லாம் போய் நாலு மணிக்கு மேல்தான் சாப்பிட வேண்டும் என்பது வேலாயுதத்தின் சட்டம். அந்த நேரத்துக்கு மேஜையெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும், அதனால் அவள் அந்தச் சோற்றையும் பின்வாசலில் நின்றே தின்றாள். விடிகாலையிலிருந்து நாலு மணிவரை ஒருத்தி பட்டினி கிடந்தால் கை பாயசத்துக்குப் போகாமல் எங்கே போகும்? இதை அவள் பத்தொன்பது வருஷமாக யோசித்ததே இல்லை. எழுதியபோதுதான் யோசித்தாள். ஜெயமாலா சொன்னது அந்த விஷயத்திலும் பலித்துவிட்டது, சனியன்.

இரண்டாவது வாரம், மதியம் பன்னிரண்டரை மணி. கடை நிறைந்திருந்தது. சமையலறைக்குள் வந்த வேலாயுதம், அவள் எழுதுவதைப் பார்த்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய உதவிச் சமையல்காரர் ஒருவர் வேலையை விட்டுப் போய், எதிர்ச் சாரியிலேயே கடை போட்டுவிட்டார். அன்றிலிருந்து யாராவது பேனா எடுத்தாலே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். நோட்டைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தார்.

"பத்தரை மணி. ரசம். உள்ளங்கை. புளி பத்தல. என்ன இது, ரெசிபியா? எவனுக்கு எழுதிக் குடுக்குறே?"

"யாருக்கும் இல்ல பாஸ். நான் என்ன சாப்பிடுறேன்னு எழுதுறேன். கிளினிக்ல கேட்டாங்க."

"உள்ளங்கையில விட்டு நக்குறதெல்லாம் சாப்பாடா? பொய் சொல்லாத லோகேஸ்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கத்தியை நிறுத்தினார்கள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க பாஸ்" என்றாள் லோகேஸ்வரி.

"பின்ன என்ன? உட்காரவில்லை, உட்காரவில்லைன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கே. லேபர் ஆபீஸுக்குக் குடுக்கவா? இந்தப் புத்தகம் இனிமே கிச்சனுக்குள்ள வரக் கூடாது."

"ரெசிபின்னா அத எதுக்கு பாஸ் நான் எழுதி வெக்கணும்? உங்க கடை ரசம் என் கையில இருக்கு. நான் போனா அதுவும் போகும். புத்தகத்தப் பிடுங்கி என்ன பண்ணப் போறீங்க?" என்று சொல்லிக் கையை நீட்டினாள். வேலாயுதம் அந்தக் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், நோட்டைக் கொடுத்துவிட்டார்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஏப்ரனைக் கழற்றி வெங்காய மூட்டையின் மேல் போட்டாள். முகம் கழுவினாள். முன்பக்கம் போய், அப்போதுதான் காலியான இரண்டாம் நம்பர் மேஜையில், மின்விசிறிக்குக் கீழே, உட்கார்ந்தாள்.

"ரெங்கண்ணே, எனக்கொரு இலை போடுங்க."

ரெங்கசாமி முதலாளியைப் பார்த்தார். பின்னாலேயே வந்த முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி நின்றார். ரெங்கசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து மேஜையைத் துடைத்தார். பிறகு ஓர் இலையை உதறி, அவள் முன்னால் விரித்து, தண்ணீர் தெளித்தார்.

"லோகேஸ், கூட்ட நேரம்!" என்றார் வேலாயுதம்.

"சமைச்சு முடிச்சாச்சு பாஸ், எல்லாப் பாத்திரமும் ரொம்பியிருக்கு. பசிக்குது, சாப்பிடுறேன்."

சுற்றியிருந்த மேஜைகளில் கை நின்றது. சமையல்காரியை அவர்களில் பலர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். லோகேஸ்வரி இலையை நேராக்கிக்கொண்டாள். கொஞ்சமாகச் சோறு, நிறையக் காய், ஒரு துண்டு மீன் கேட்டு வாங்கினாள். பிசைந்தாள். மெதுவாகச் சாப்பிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் தன் சாம்பாரைச் சூடாக, சோற்றோடு, உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. உள்ளங்கையில் சரியாக இருந்த சாம்பார் சோற்றோடு சேரும்போது உறைப்புக் குறைந்து தெரிந்தது.

"ரெங்கண்ணே, சாம்பார்ல காரம் பத்தல. யாரு சமைச்சது?" என்றாள் சத்தமாக.

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். வேலாயுதத்தின் முகத்தில்கூட ஏதோ அசைந்தது. அதற்குச் சிரிப்பு என்று பெயர் வைக்க முடியாது, ஆனால் கோபம் என்றும் சொல்ல முடியாது. லோகேஸ்வரி வயிறு நிறைந்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தாள், கை கழுவினாள், நோட்டை எடுத்தாள். எங்கே உட்கார்ந்து? இரண்டாம் நம்பர் மேஜை.

மறுநாள் சமையல் முடிந்ததும், கூட்டம் வருவதற்கு முன்னால் பதினொன்றே முக்காலுக்கே போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். நாலாவது நாள் காய் நறுக்கும் பெண்கள் இரண்டு பேரும் வந்து எதிரே உட்கார்ந்தார்கள். வேலாயுதம் சரி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்த மேஜையின் பக்கம் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, நாலு 555 நோட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஜெயமாலாவின் மேஜையில் வைத்தாள். அந்தப் பெண் புரட்டினாள். புரட்டுவதை நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். ஐம்பத்திரண்டு வரி கொண்ட அந்த முதல் நாளில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்தாள்.

"ஆன்டி, சுகர் நல்லா இறங்கியிருக்கு! வெரி குட் ஆன்டி!"

"அது கெடக்கட்டும். அந்த வரிய என்ன பண்ணப் போறீங்க?"

"எந்த வரி?"

"கொறச்சுச் சொல்றாங்கன்னு எழுதினீங்களே."

ஜெயமாலாவின் முகம் சிவந்தது. கோப்பைத் திறந்து பார்த்தாள். "சாரி ஆன்டி. ஆனா எழுதினத வெட்டக் கூடாது, ரூல் அப்படி. வேணும்னா கீழ எழுதலாம்."

"சரி. பேனாவ எடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

ஜெயமாலா பேனாவை எடுத்தாள்.

"இந்தம்மா பொய் சொல்லல. எழுதிட்டீங்களா? இவங்களுக்கே தெரியல. பத்தொன்பது வருஷமா வேலை செய்யுற எடத்துல ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட விடாததால, தின்னது சாப்பாடுன்னே இவங்களுக்குத் தெரியல. இப்போ உட்கார்ந்து சாப்பிடுறாங்க. யாரையும் கேட்டுக்கிட்டு இல்ல."

"கடைசி வரியும் எழுதணுமா ஆன்டி?"

"அதத்தான் மொதல்ல எழுதணும். தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

வெளியே அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஜெயமாலா எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கோப்பைத் திருப்பிக் காட்டும்வரை லோகேஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.