ரிவால்வர் குழலில் ஒரு வெடிப்பு

அன்றைக்குச் சுட்டுக்கொண்டிருந்தவள் மகள். துப்பாக்கி சுடும் கழகத்தில் அவளுக்குப் பக்கவாட்டில் நின்ற என் கன்னத்தில் எறும்பு கடித்ததுபோல ஏதோ சுரீரென்றது. தொட்டுப் பார்த்தேன். விரலில் பொட்டளவு இரத்தம். ரிவால்வரின் உருளையும் இடையிடையே சுற்றாமல் இறுகியது.

"காணும், இனிச் சுட வேண்டாம், பூட்டி வை" என்றேன். நாள்பட்ட சாமான், துடைத்து எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

கைத்துப்பாக்கி விற்பனையை இந்த நாட்டு அரசாங்கம் நிறுத்துவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அதைப் புதிதாக என் பெயரில் வாங்கியிருந்தேன். நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆஸ்பத்திரி வேலை எனக்கு. கூட வேலை செய்த ஒருத்திதான் முதலில் என்னைச் சுடக் கூட்டிப்போனாள். மட்டக்களப்பில் வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஒளிந்தவள் நான். இங்கே காதுக்கு மூடி போட்டுக்கொண்டு தாளில் குறிபார்த்தபோது பயமே வரவில்லை. பிறகு சனிக்கிழமைகளில் விடாமல் போனேன். கணவருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெட்டியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

எண்ணெய் விட்டும் உருளை சரிவராததால், சென்ட் லோரன்ட் பகுதியில் பண்டகசாலைகளுக்கு நடுவே இருந்த துப்பாக்கி திருத்தகத்துக்கு ரிவால்வரைக் கொண்டுபோய், கன்னத்தில் பட்டதையும் சொன்னேன். திருத்துபவர் சிறிய விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"மடாம், கடைசியாக யார் சுட்டது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"என் மகள்."

பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். குழலின் பின்முனையில், உருளையிலிருந்து குண்டு நுழைகிற இடத்தில், மயிர்போல ஒரு வெடிப்பு. உங்கள் கன்னத்தில் பட்டது இதற்குள்ளால் சிதறிய ஈயம், இன்னும் கொஞ்சம் சுட்டிருந்தால் பிள்ளையின் கையிலேயே குழல் பிளந்திருக்கும் என்றார்.

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். துப்பாக்கியின் வாய்க்குப் பயந்து வளர்ந்தவள் நான். பிடித்திருக்கிற பக்கத்திலிருந்தும் சாவு வரும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வீட்டில் கணவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப சுட்டது நீர்தானே?" என்றார்.

"இல்லை. மகள்."

கத்தியை வைத்துவிட்டு அடுப்பை நிறுத்தினார். நேரே மகளின் அறைக்குப் போனார்.

திருத்துபவர் அதை உற்பத்தி செய்த கம்பனியின் பட்டறைக்கு அனுப்பிவைத்தார். இவ்வளவு அடித்துப் பாவித்ததற்கு உத்தரவாதம் செல்லாது என்றுதான் நம்பியிருந்தேன். கம்பனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, எவ்வளவு சுட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை.

"எண்ண முடியாத அளவு" என்றேன்.

"சுடுவதற்காகத்தானே செய்தோம். முதலில் புதிதாக வாங்கியவருக்கு உத்தரவாதம் உண்டு. அது நீங்கள்தானே?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். குழலை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றாள். வெடிப்பு ரிவால்வரின் உடலில் இருந்திருந்தால் முழுத் துப்பாக்கியையும் மாற்ற வேண்டி வந்திருக்கும், ஒன்றும் செய்திருக்க முடியாதாம். இப்போதைய சட்டப்படி புதிதாக ஒன்றை என் பெயருக்கு மாற்ற இயலாது.

சில வாரங்களில் திரும்பி வந்தது. பழைய குழலை நெடுக்காக அறுத்து ஒரு பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். இந்த முறை பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. நான் பார்த்த மயிர்க்கோடு உள்ளே ஒரு விரற்கணு நீளத்துக்கு ஓடியிருந்தது.

"அம்மா, சனிக்கிழமை நானும் வாறன்" என்றாள் மகள், எல்லாம் முடிந்துவிட்டதுபோல.

"நான் முதல் சுடுறன். நீ பின்னால நில்."

"நானும் வாறன்" என்றார் கணவர். நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

சனிக்கிழமை முதல் குண்டைச் சுட்டேன். உருளை வழுக்கிக்கொண்டு சுற்றியது. தாளில் நான் நினைத்த இடத்திலேயே துளை விழுந்தது. திரும்பினேன். பின்சுவரோரம் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு நின்றார் அவர். அவள் விலகப் பார்த்தாள். அவர் கையை விடவில்லை.