லாத்தாவின் கடைசிச் சொல்

என் கைப்பையில் ஒரு காலண்டர் தாள் இருக்கிறது. லேக் மார்க்கெட் தமிழ்க் கடையில் வருஷா வருஷம் வாங்கும் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்தது. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், எந்த ராசிக்குச் சந்திராஷ்டமம் என்று எல்லாம் அச்சடித்திருக்கும். பின்பக்கம் நீலப் பேனாவில், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருத்தியின் குண்டு குண்டான எழுத்தில் இரண்டு வரிகள்: லா இலாஹ இல்லல்லாஹ். முஹம்மதுர் ரசூலுல்லாஹ். அதற்குக் கீழே இன்னும் பொடி எழுத்தில் அர்த்தம்: வணங்கத் தகுந்தவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாரும் இல்லை, முஹம்மது அல்லாஹ்வின் தூதர். நாலைந்து பை மாற்றிவிட்டேன். தாளை மட்டும் தூக்கிப் போட முடியவில்லை. அதை வைத்திருக்கவும் எனக்கு அருகதை இல்லை.

எழுதித் தந்தவரை நான் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரே பிரிவில் வேலை பார்த்தார்கள். குவார்ட்டர்ஸில் எங்கள் கதவும் அவர்கள் கதவும் எதிரெதிரே. இருபத்து மூன்று வருஷம் அப்படி. என் பெண்ணுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை தேடி அலைந்தது அவர்தான். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் லேக் மார்க்கெட் பக்கம் வந்துவிட்டோம், அவர்கள் கிடர்பூரிலேயே வாடகைக்குத் தங்கினார்கள். கணவர் போனபின்னும் லாத்தா வாரம் ஒருமுறை பஸ் பிடித்து வந்துவிடுவார். வரும்போது தூக்குவாளியில், எங்களுக்காக முட்டை சேர்க்காமல் தேங்காய்ப் பாலில் செய்த வட்டலப்பம் இருக்கும். எங்கள் மார்கழி பஜனைக் கோஷ்டியில் அதைச் சாப்பிடாத வாய் கிடையாது. அந்தக் கோஷ்டிக்குச் செயலாளர் நான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அவருக்கு இதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்ன வாரம், என் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுந்து காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தார். “நேத்துத் தேதிதானே, யாருக்கும் வேணாம்” என்று சொல்லிவிட்டு எழுதினார். எழுதி முடித்து என் கையில் திணித்தார்.

“எங்கள்ல மவுத்து நேரத்துல, உசிரு போறப்ப, பக்கத்துல இருக்கவுக இந்தக் கலிமாவை மெதுவாச் சொல்லணும் தங்கச்சி. ‘நீ சொல்லு, நீ சொல்லு’ன்னு அதட்டக் கூடாது. உன் பாட்டுக்குச் சொல்லு, நான் கேட்டுச் சொல்லிக்குவேன். சொல்லிட்டேன்னா அப்புறம் என்கிட்ட ஒரு பேச்சும் பேசாத. கடைசிப் பேச்சு அதா இருக்கணும். தப்பித் தவறி நான் வேற ஏதாச்சும் பேசிப்புட்டா, மறுக்கா ஒருதரம் சொல்லிக் குடுத்துரு.”

கிடர்பூரில் உங்களுக்கு ஆளா இல்லை, என்னைப் போய்க் கேட்கிறீர்களே என்றேன். “அவுக உருதுக்காரவுக. நல்லாச் சொல்லுவாக. ஆனா எனக்கு அர்த்தத்தைத் தமிழ்ல கேட்டுக்கிட்டே போகணும்” என்றார். மகன் கப்பலில் எஞ்சினியர், வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பவன். அவன் வந்து சேருவானா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

நான் அசடாக ஒரு கேள்வி கேட்டேன்: “இதைச் சொன்னா நான் உங்க மதத்துக்கு மாறிட்ட மாதிரி ஆயிடாதா லாத்தா?” இருமல் வரும்வரை சிரித்தார். “அடியம்மா, அவ்வளவு லேசா? கலிமாங்கிறது சாட்சி. மனசு ஒப்பிச் சொன்னாத்தான் அது சாட்சி. நாக்கு மட்டும் சொன்னா எழுத்துக்கூட்டி வாசிச்சதோட சரி. நீ எனக்கு ஞாபகப்படுத்துற, அம்புட்டுத்தான்.” அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, முதல் சொல்லை விரலால் தொட்டுக் காட்டினார். “பாத்தியா, ஆரம்பமே ‘இல்லை’தான். பணத்துக்குப் பயந்தோம், பதவிக்குப் பயந்தோம், சனம் என்ன சொல்லுமோன்னு பயந்தோம். அதுக்கெல்லாம் இனிமே குனியமாட்டேன், அதெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு முதல்ல துடைச்சுப் போடணும். துடைச்ச இடத்துலதான் அவன் ஒருத்தனை வைக்கணும். சாட்சி சொல்றவ யாரு மூஞ்சியையும் பாத்துச் சொல்லக் கூடாது.”

“இவ்வளவுதானே, சொல்லிட்டாப் போச்சு” என்றேன். எத்தனை சுலபமாகச் சொன்னேன்!

அடுத்த வருஷமே அந்த நாள் வந்துவிட்டது. காளிகாட்டில் ஒரு நர்ஸிங் ஹோம். நான் போய்வரச் சௌகரியமாக இருக்கட்டும் என்று நான்தான் அங்கே சேர்க்கச் சொன்னேன். டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். மகனுக்குத் தகவல் போயிருந்தது, கப்பல் கரை சேர இன்னும் இரண்டு நாள் இருந்தது. கிடர்பூர்ப் பெண்கள் இரவும் காலையும் கூடவே இருந்துவிட்டு, லுஹர் தொழுதுவிட்டு வருகிறோம் என்று மதியம் கிளம்பினார்கள். நான் மட்டும் இருந்தேன். பை மடியில், தாள் பையில்.

அவர்கள் போய்க் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. லாத்தாவின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். நான் சொல்லித் தரவே இல்லை, அவரே சொன்னார். இரண்டு வரியும், முழுசாக, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே. நான் செய்ய வேண்டியதெல்லாம் அப்படியே வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு பஜனைக் கோஷ்டி நாலு பேர் வந்தார்கள். முன்னால் எங்கள் இரண்டாம் மாடி மாமி, கையில் எனக்கு ஃப்ளாஸ்க்கில் காபி. மாமி கட்டில் பக்கம் குனிந்து, “ஏதோ முணுமுணுக்கறாளே, என்ன சொல்றா?” என்று கேட்டார்.

கலிமா சொல்கிறார் என்று சொல்ல எனக்கு என்ன கேடு? என் வாயிலிருந்து வந்தது, “தண்ணி கேக்கறாங்க மாமி.” சொன்னால் போதுமா, சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? கரண்டியில் தண்ணீர் எடுத்து உதட்டில் விட்டேன். அதோடும் நிற்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி, “லாத்தா, தண்ணி போதுமா?” என்றேன்.

லாத்தா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “போதும்” என்றார்.

மறுக்கா ஒருதரம் சொல்லிக் குடுத்துரு என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்துபோனேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். கை பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பஜனைச் செயலாளர் அரபியில் கலிமா சொல்வதை இந்த நாலு பேரும் கேட்டால் என்ன நினைப்பார்கள், நாளைக்கு மார்கழியில் எனக்குப் பின்னால் நின்று எப்படிப் பாடுவார்கள், இதுதான் மண்டைக்குள் ஓடியது. அவர்கள் காபியை ஆற்றி என் கையில் கொடுத்தார்கள். நான் குடித்தேன். பத்து நிமிஷம் இருக்கும். நர்ஸிங் ஹோம் ஆயா வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆர் நேய், தீதி” என்றாள். இனி இல்லை, அக்கா.

அன்று மாலை லாத்தாவின் மகன் கப்பலிலிருந்து போனில் வந்தான். என்னைச் சித்தி முறை வைத்துச் சாச்சி என்பான். லைன் விட்டு விட்டுக் கேட்டது. “சாச்சி, உம்மா கடைசியா என்ன சொன்னாங்க?” வேறு எதையும் அவன் கேட்கவில்லை. “கலிமா சொன்னாங்கப்பா” என்றேன். அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை கேவிக் கேவி அழுதுகொண்டே அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வது கேட்டது. கிடர்பூர்ப் பெண்கள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ரம்ஜானுக்கும் லாத்தா மகனிடமிருந்து பேரீச்சம்பழப் பெட்டி வந்தது. ஊரில் இருந்தால் நேரில் கொண்டுவருவான், இல்லாவிட்டால் ஆள் மூலம் அனுப்புவான். ஒருமுறை மனசு தாங்காமல் மாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமி தலையில் அடித்துக்கொண்டார். “அட அசடே, ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கப்படாதா? நாங்க வெளியில நின்னிருப்போமே. இல்லேன்னா நீ சொல்றதைக் கேட்டுண்டு சும்மா இருந்திருப்போம். போற உயிருக்கு நாங்களா குறுக்கே நிப்போம்?” யாருக்குப் பயந்தேனோ அவர்களிடம் பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. எனக்கு இன்னும் கேவலமாகப் போயிற்று.

இந்த வருஷம் நோன்பு பிறக்குமுன் பெட்டியோடு தன் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தான். பத்து வயசு இருக்கும். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது, பெங்காலி அருவியாகக் கொட்டுகிறது. அவளைச் சோபாவில் என் பக்கத்தில் உட்கார வைத்து, “சாச்சி, இவளோட தாதி, எங்க உம்மா, எப்படிக் கலிமா சொல்லிட்டே போனாங்கன்னு நீங்களே சொல்லுங்க. நீங்கதானே சாட்சி” என்றான்.

சாட்சி என்ற அந்தச் சொல்லைக் கேட்டபின் பழைய பொய்யைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. பெண்ணை என் பேரனோடு விளையாட அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், கரண்டி, மாமி, காபி, ஒன்று விடாமல். தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அம்மாவின் எழுத்தை விரல் வைத்துப் படித்தான். திருப்பி, முன்பக்கத்துச் சந்திராஷ்டமத்தையும் படித்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

“உம்மா தண்ணி கேக்கவே இல்ல, இல்லியா சாச்சி?” என்றான்.

“இல்லப்பா.”

டீயைக் குடித்து முடித்தான். பெண்ணைக் கூப்பிட்டான். வாசலில் செருப்பு மாட்டும்போது தாளை அவன் கையில் கொடுத்தேன். வாங்கி, பழைய மடிப்பு கலையாமல் மடித்து, என் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தான். “இது எனக்கு எழுதுனதில்ல சாச்சி. உங்களுக்கு எழுதுனது.” மன்னித்தானா, என் தலையிலேயே கட்டிவிட்டுப் போனானா, எனக்கு இன்னும் தெரியவில்லை. அடுத்த ரம்ஜானுக்குப் பெட்டி வருமா என்பதும் தெரியாது.

அவர்கள் ஆட்டோ ஏறிப் போனதும் சமையலறைக்கு வந்தேன். அன்று அவர் பீன்ஸ் நறுக்கிய அதே இடத்தில் உட்கார்ந்து தாளைப் பிரித்து, இரண்டு வரியையும் வாய்விட்டுப் படித்தேன், பிறகு அர்த்தத்தைத் தமிழில். ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. தெருவில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். கேட்க வேண்டியவர்தான் இல்லை.