உடுவிலிலை எவடம்?

உடுவிலிலிருந்து காங்கேசன்துறைக் கடற்கரைக்குச் சைக்கிளில் போகும்போதெல்லாம் என் நண்பன் பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவான்.

"வழியிலை வீடுகள் இல்லையோ? கேட்டால் தருவினம்தானே" என்று கேலி செய்வேன்.

ஒருநாள் போத்தல் விழுந்து உடைந்துவிட்டது. ஒரு வீட்டுப் படலையைத் தட்டினோம்.

"தம்பியவை எவ்விடம்?" என்றார் அந்த அம்மா.

"உடுவில்."

"உடுவிலிலை எவடம்?"

நான் கோயிலடி என்றேன். செம்பில் தண்ணீர் வந்தது, குடித்தேன். அவனும் தன் வீடு இருக்கும் ஒழுங்கையின் பெயரைச் சொன்னான். எங்கள் பக்கத்தில் ஒழுங்கை தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். செம்பு உள்ளே போய், பழைய சோடாப் போத்தல் வந்தது.

"குடிச்சிட்டு எறிஞ்சுவிடும் தம்பி."

அவன் குடிக்கவில்லை. வெயிலில் சைக்கிளை மிதித்தபடி சொன்னான்: "வழியிலை வீடுகள் இருக்கு மச்சான். அதாலைதான் போத்தல்."

நான் குடித்த தண்ணீர் இன்னும் செமிக்கவில்லை.