தொக்கம் வரிசையில் என் மகள்

மதகடிப்பட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குழந்தைக்குப் பேதி என்று யார் வந்தாலும் உப்புச்சர்க்கரைப் பொடி பாக்கெட்டைக் கொடுத்து, "தொக்கம் கிக்கம்னு போயிடாதீங்க" என்று ஒரு பாட்டம் திட்டியும் அனுப்புவேன். வயிற்றில் சிக்கிக்கொண்டதைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பதாகச் சொல்வார்கள், அதுதான் தொக்கம். எடுத்ததும் வாந்தியும் பேதியும் நின்றுவிடுமாம்.

அன்று காலை என் பத்து மாத மகளுக்கே வாந்தி. கொஞ்ச நேரத்தில் தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டாள். மனைவி உறுவையாறு வீட்டிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"எத்தினி வாட்டி?"

"ஏழு."

"பொடி கலக்கிக் குடு."

"குடிச்சதும் வாந்தி எடுத்துடறாளே."

"ஸ்பூன்ல குடு!"

அதட்டினேனே தவிர எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருமல் மருந்து கேட்டவருக்கு மூட்டுவலிக் களிம்பை எடுத்து நீட்டினேன். பேதி வைரஸுக்கான ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் போட்டாயிற்று, அட்டையில் இருக்கிறது, பெரிதாக ஒன்றும் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன கையோடு ஷட்டரை இழுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டு வாசலில் மனைவி குழந்தையோடு கிளம்பி நின்றாள். "வில்லியனூருல தொக்கம் எடுக்கறாங்களாம். நீங்க வரலன்னா நான் ஆட்டோ புடிச்சிப் போறேன்."

நான் திட்டவில்லை. யாராவது எதையாவது எடுத்துவிட்டால் போதும் என்றிருந்தது. வெட்கமெல்லாம் அதற்கப்புறம்தான்.

அங்கே எங்களுக்கு முன்னால் நாலு பேர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் அப்படியும் கண்டுபிடித்துவிட்டார். "இன்னா தம்பி, எங்கள போவாதன்னுட்டு நீ வந்து குந்திகினு இருக்க?" ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, சிரித்தார். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். வரிசை நகருவேனா என்றது.

மகள் அழுதாள், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு அப்படியே நின்று மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதற்கு அடையாளம் அது.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அடுத்தது நாமதாங்க! ஒரே நிமிசம்!"

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். அவள் அழுதபடி பின்னால் ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மூன்று இடத்தில் குத்தினார். ரோட்டாவாகத்தான் இருக்கும் என்ற டாக்டரிடம் எரிந்து விழுந்தேன். "சொட்டு மருந்து போட்டாச்சு டாக்டர்!"

"இந்த வைரஸ்ல பல வகை இருக்குப்பா. மருந்து போட்டும் சில குழந்தைக்கு வரும். போடலன்னா இன்னும் மோசமா இருந்திருக்கும்" என்றவர், "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?" என்று கேட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் டயப்பரைப் பார்த்தாள். காலையிலிருந்து மாற்றி மாற்றி மாட்டியதில் எது பேதி, எது மூத்திரம் என்று யார் சொல்வது? கழற்றச் சொன்னார். போனதும் உடனே சொல்லுங்கள் என்றார். போகாவிட்டால் கிட்னி என்று ஏதோ சொன்னார், அதற்கு மேல் எனக்குக் காதில் விழவில்லை.

டிரிப் சொட்டுவதைப் பார்ப்பேன், விரிப்பைத் தொட்டுப் பார்ப்பேன், வராந்தா வரை போய்த் திரும்புவேன். செத்துவிடுவாளோ என்று பயந்தேன்.

சாயங்காலம், மகளை மடியில் வைத்திருந்த மனைவி திடுக்கென்று நிமிர்ந்தாள். புடவை மஞ்சளாக நனைந்துகொண்டிருந்தது. "போயிட்டா! ஒண்ணுக்குப் போயிட்டா!" வார்டே திரும்பிப் பார்த்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

அந்த ஈரத்தோடே உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "காலையிலேருந்து எத்தினி வாட்டி பேதி, எத்தினி வாட்டி பேதின்னே கேட்டீங்க. ஒண்ணுக்குப் போனாளான்னு ஒரு வாட்டி கேட்டிருந்தா அப்பவே பாத்திருப்பேனே?"

பன்னிரண்டு வருஷமாகப் பாக்கெட் விற்கிறேன். எந்தத் தாயிடமும் நான் அதைக் கேட்டதில்லை.