எழுபதைத் தொட்டால் நடுக்கம்

"கார் நடுங்கல, உன் கைதான் நடுங்குது" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைப் பிடுங்கி அவர் மடியிலேயே வைத்திருப்பேன்.

தொண்ணூறுகளில் மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். அவர் ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். நான் புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்தேன். வாசலில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார். கிருஷ்ணகிரியில் என் தங்கைக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். எங்களுக்கு அம்மா இல்லை, அதனால் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவள் வரவேண்டிய தாய்வீடு என் வீடுதான். "அக்கா, பஸ்ல என்னால முடியாது. நீயே ஓட்டிக்கிட்டு வந்து கூட்டிப் போ" என்று ஆசையாகக் கேட்டாள். "இது ஒரு பெரிய வேலையா?" என்று நானும் வாய் விட்டுவிட்டேன்.

ஊருக்குள் அந்தக் கார் பரம சாது. ஹைவேயில் எழுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். அந்த ஆட்டம் என் முழங்கை வரை ஏறும்.

"புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு இந்தக் கையோட ஓட்டுவியா? வேணாம், வாடகைக் கார் சொல்லிடறன்."

"நீங்க ஓட்டுங்க, பாக்கலாம்" என்றேன்.

ஓட்டினார். எழுபதில் அவர் மீசையும் சேர்ந்து ஆடியது. "ரோடு சரியில்ல" என்றார். அடடா, என் கை போய் இப்போது ரோடு வந்துவிட்டது! வண்டியை ஓரங்கட்டச் சொல்லி நான் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டு மின்விசிறி மூன்றாம் நம்பரில் ஒழுங்காகச் சுற்றும், நாலில் தலையை ஆட்டும். ஒரு இறக்கை கனத்துப் போனதால் வந்த வினை. இதுவும் அந்த ஜாதிதான் என்று என் மனசுக்குப் பட்டது. பிரேக் பிடித்தேன், ஆட்டம் கூடவில்லை; அப்போ கோளாறு பிரேக்கில் இல்லை. எழுபதில் நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட்டேன். இன்ஜின் அடங்கியும் ஆட்டம் அடங்கவில்லை; இன்ஜினிலும் இல்லை.

"வீலுங்க. முன்னாடி வீலப் பின்னாடி மாத்துங்க."

முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் ஜாக்கி போட்டு மாற்றினார். மறுபடி ஹைவே, மறுபடி எழுபது. ஸ்டியரிங் அசையவில்லை, அதற்குப் பதில் சீட் உதறியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என் கை இப்ப சீட்டுக்கடியில போயிடுச்சா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தேன். மாற்றிய இரண்டும் சில்வர் பெயிண்டில் பளபளத்தன. மற்ற இரண்டும் அழுக்கு, ஆனால் ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரல் நகம் அகலத்துக்கு ஒரு ஈயத்துண்டு கவ்விக்கொண்டிருந்தது.

"பளபளன்னு இருக்கறதுல மட்டும் இது ஏங்க இல்ல?"

அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. ஆயுத பூஜைக்கு முன் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தவர் அவர்தான். முன் சக்கரம் இரண்டையும் முடித்தபோதே பூஜை நேரம் வந்துவிட்டது, பின் சக்கரங்கள் தப்பித்தன.

"எவனோ பஞ்சர்காரன் ஒட்டவெச்ச குப்பைன்னு நெனச்சு நெம்பி எடுத்துட்டன்."

"எங்க அது?"

"பழைய இரும்புக்காரன் வந்தான்ல..."

ஐயோ, பேரீச்சம்பழம்! சக்கரத்தைச் சமனாக வைத்திருந்த ஈயத்தைக் கொடுத்து இந்த மனுஷன் பேரீச்சம்பழம் வாங்கியிருக்கிறார். இனிப்பாக இருக்கிறது என்று நானும்தான் கொட்டையைத் துப்பித் துப்பித் தின்றேன். வாசலிலேயே உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தேன். அவரும் கொஞ்ச நேரம் வீம்பாக நின்றுவிட்டுச் சிரித்துவிட்டார்.

ஓசூர் டயர் கடையில் சக்கரத்தை மெஷினில் சுழற்றிப் புது ஈயம் வைத்தார்கள். "பூஜை முடிஞ்சா எனக்கு இதே யாவாரம்மா, வருசா வருசம்" என்று கடைக்காரர் சந்தோஷமாகச் சொன்னார்.

வளைகாப்பன்று கிருஷ்ணகிரியிலிருந்து நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில், தங்கை பின்சீட்டில். படுத்தால் இடுப்பு வலி, உட்கார்ந்தால் மூச்சு முட்டல், கண் மூடி எத்தனையோ நாளாயிற்று என்று வண்டியில் ஏறும்போதே அழுதாள். எழுபதைத் தாண்டினேன். ஸ்டியரிங் சும்மா கிடந்தது. சூளகிரி வருவதற்குள் பின்னால் பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். கை நிறைய வளையலோடு, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள்.

முன்னால் ஒரு லாரி வழி விடாமல் போனது. "ஹார்ன் அடி" என்றார் அவர்.

"ஷ்ஷ்!" என்றேன்.

மத்திகிரி வரை ஹார்னைத் தொடவில்லை. வாசலுக்கு வந்தும் இன்ஜினை அணைக்க மனம் வரவில்லை. சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாளோ என்று, அவள் தானாகக் கண் திறக்கும் வரை இரண்டு பேரும் வாயே திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.